கரகரப் பெட்டியின் மூன்றாவது டிரான்சிஸ்டர்

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. யாரையும் அடிக்க மாட்டேன், துடைப்பேன். மேஜையைத் துடைப்பேன், மீட்டரைத் துடைப்பேன், ஒன்றும் கிடைக்காவிட்டால் கடைக் கண்ணாடியைத் துடைப்பேன். ஓசூரில் ஒரு கம்பெனியில் எட்டு வருடம் சர்க்யூட் போர்டு சோதிக்கிற வரிசையில் உட்கார்ந்ததில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. "மொதல்ல தொடைங்க, அப்புறம் பாருங்க" என்பதுதான் அங்கே சூப்பர்வைசருக்குத் தெரிந்த ஒரே மந்திரம். அந்தப் பழக்கத்தால் போன ஆனி மாதம் ஒரு மனிதருடைய வாசிப்பையே கெடுத்துவிட்டேன். கெடுத்தது நான்தான் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் அதை வெளியே சொல்லக்கூடாது என்று பெங்களூரிலிருந்து ஒருவர் எனக்குப் புத்தி சொல்ல வந்தார் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டி, ஒரு டயர் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவில் இருக்கிறது என் சர்வீஸ் கடை. இன்வெர்ட்டர், ஸ்டெபிலைசர், கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர், கோயில் ஆம்ப்ளிஃபயர் என்று எது வந்தாலும் பார்ப்பேன். "லேடீஸா பாக்கறீங்க?" என்று உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "மீட்டர்தாங்க பாக்குது, நான் சும்மா தொணைக்கு ஒக்காந்திருக்கன்" என்பேன். சிலர் சிரிப்பார்கள், சிலர் அடுத்த கடைக்குப் போய்விட்டு இரண்டு நாள் கழித்து அதே பெட்டியோடு திரும்பி வருவார்கள்.

இவற்றோடு கிட்டார்காரர்களின் ஃபஸ் பெடல்களும் எனக்கு வரும். காலால் மிதிக்கிற சின்ன இரும்புப் பெட்டி. கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் மாட்டினால், சுத்தமாக வருகிற சத்தத்தைக் கரகரப்பாக்கி, நீளமாக இழுத்துக் கொடுக்கும். தர்மபுரிப் பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் அதற்குக் கரகரப் பெட்டி என்று பெயர். ஓசூரில் கூட வேலை பார்த்த ஒருத்தியின் தம்பி சர்ச்சில் கிட்டார் வாசிப்பவன். அவனுடைய பெட்டியை விளையாட்டாகச் சரி செய்யப் போய், அதன் மேல் எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. இப்போது சேலத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பஸ் பார்சலில் பெட்டிகள் வருகின்றன.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வெளிநாட்டில் செய்த பெட்டிகளில் ஒரு வேடிக்கை உண்டு. மேலே பார்த்தால் எல்லாம் ஒன்றுதான், அதே மூன்று குமிழ், அதே சுவிட்ச். திறந்து பார்த்தால் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. அன்றைக்குக் கையில் என்ன பாகம் கிடைத்ததோ அதை வைத்துப் பற்றவைத்து அனுப்பியிருப்பார்கள். ஒன்றில் நூறு ஓம் ரெசிஸ்டர் இருக்கும் இடத்தில் இன்னொன்றில் நூற்றைம்பது இருக்கும், ஒரு கெப்பாசிட்டர் பெரிதாக இருக்கும், டிரான்சிஸ்டர் வேறாக இருக்கும். அக்கா தங்கை மூன்று பேர் ஒரே மசாலாவில் குழம்பு வைத்தாலும் கைக்குக் கை ருசி மாறுகிறதல்லவா, அப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம். இது எந்த வெர்ஷன், அதற்கு முந்தியதா பிந்தியதா என்று கண்டுபிடிப்பதில் உலகம் முழுக்க ஒரு கூட்டமே மண்டையை உடைத்துக்கொள்கிறது. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி.

கண்டுபிடிக்க வழிகள் இருக்கின்றன. குமிழின் பின்புறத் தகட்டில் ஒரு எண் குத்தியிருக்கும், அது எந்த வருடம் எந்த வாரம் செய்தது என்று சொல்லிவிடும். ஈயப் பற்று பழசானால் மங்கிச் சாம்பல் பூத்திருக்கும், யாராவது நடுவில் மாற்றியிருந்தால் பளபளப்பு காட்டிக்கொடுக்கும். போர்டை விளக்குக்கு எதிரே பிடித்தால் செப்புக் கோடுகள் தெரியும், அதைத் தாளில் வரைந்து ஒவ்வொரு பாகத்தின் மதிப்பையும் எழுதுவேன். கடைசியாக டிரான்சிஸ்டர் கால்களில் வோல்டேஜ். இப்படி எழுதிய நோட்டு என்னிடம் நான்கு இருக்கிறது.

போன ஆனியில் ஒருநாள் காலை, பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அண்ணன் வந்தார். மரவள்ளி போடுகிற விவசாயி, ஐம்பதைத் தாண்டியவர், ஒரு மெல்லிசைக் குழுவில் முப்பது வருடமாகக் கிட்டார் வாசிப்பவர். மஞ்சள் பையிலிருந்து ஒரு கரகரப் பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தார். அந்தக் காலத்தில் குழுவில் இருந்தவர் வளைகுடா வேலைக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனதாம்.

"சுவிட்சு சில நேரம் புடிக்குது, சில நேரம் புடிக்கல. சுவிட்சு மட்டும் மாத்திக் குடும்மா. வேற எதுலயும் கை வெக்காத."

"ஏங்கண்ணா, என் கை மேல நம்பிக்க இல்லீங்களா?"

"ஒங்கை மேல இருக்குது. எங்கை மேலதான் இல்ல" என்று இடது கையை விரித்துக் காட்டினார். மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்காமல் விறைத்து நின்றன. ஜவ்வரிசி மில் பெல்ட்டில் சின்ன வயதில் மாட்டியதாம். மீதி விரல்களால் ஓடி ஓடி வாசிக்க முடியாது. ஒரு சுரத்தைப் பிடித்து, அப்படியே நிறுத்தி, அது தேய்வதற்குள் அடுத்ததற்கு நகர்வதுதான் அவர் வாசிப்பு. அந்தச் சுரம் சாகாமல் நிற்பது அந்தப் பெட்டியால்.

குழுவில் புதிதாக ஒரு கீபோர்டு வந்திருக்கிறது. அதிலேயே கிட்டார் சத்தமும் வருகிறது. ஆடியில் இவர் ஊர் மாரியம்மன் திருவிழாக் கச்சேரியைப் பார்த்துவிட்டு, கிட்டார் தேவையா இல்லையா என்று முடிவு செய்யலாம் என்று குழுவை நடத்துகிறவர் சொல்லிவிட்டாராம். "என் ஊரு மேடையில என்னையே பரீச்ச வெக்கறானுங்க" என்று சிரித்தார். சிரிப்பில் சூடு இருந்தது. எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

சுவிட்ச் மாற்ற அரை மணி நேரம். மாற்றிவிட்டுக் கடையில் இருக்கும் பழைய கிட்டாரை மாட்டி ஒரு தந்தியைத் தட்டினேன். ஐயோ, என்ன சத்தம் அது! முதலில் அமுங்கி வந்தது, பிறகு மெல்ல எழுந்தது, எழுந்தபடியே நின்றது. முள் இல்லாத கரகரப்பு. இந்த மாதிரிப் பெட்டியில் பத்துப் பன்னிரண்டு நான் கேட்டிருக்கிறேன், எதுவும் இப்படிப் பேசியதில்லை. டயர் கடைக்காரர் வந்து "என்னங்க, எருமை கத்துதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். போகட்டும், அவருக்குக் காற்றடிக்கத் தெரியும்.

"வேற எதுலயும் கை வெக்காத" என்றார் அண்ணன். பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லையே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். குமிழின் எண்ணைப் படித்தேன். ரெசிஸ்டர்களின் நிறப் பட்டைகளை ஒவ்வொன்றாக எழுதினேன். எல்லாமே நன்றாகத் தெரிந்த இரண்டாவது வெர்ஷன். ஒரு பாகம்கூட வித்தியாசமில்லை. ஆனால் மூன்றாவது டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில் கலெக்டர் என்கிற காலில் நாலு வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் இரண்டேகால் காட்டியது. பேட்டரியை மாற்றினேன், மீட்டரை மாற்றினேன், இரண்டேகால்தான். பற்றுகள் எல்லாம் மங்கிய சாம்பல். யாரும் எதையும் கழற்றியதில்லை என்று அடித்துச் சொல்லலாம். பற்றைக் கழற்றி ஒவ்வொரு பாகத்தையும் தனியாக அளக்கலாம்தான். ஐம்பது வருடம் கை படாத பற்றில் சூட்டுக்கோலை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அன்று மத்தியானமே, இந்தப் பெட்டிப் பைத்தியங்களுக்கென்று இருக்கிற இணையக் குழுவில் எழுதினேன்: பாகங்கள் இரண்டாவது வெர்ஷன், வோல்டேஜ் வேறு, சத்தம் வேறு, கை படாதது. நமக்குத் தெரியாத ஒரு வெர்ஷன் இருக்கிறது.

அந்தக் குழுவின் பெட்டிப் பட்டியலை வைத்திருப்பவர் பெங்களூர்க்காரர். நம் தமிழ்க் குடும்பம்தான், மூன்று தலைமுறையாக அங்கே. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பட்டியலில் "கை படாதது" என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ஒரு பெட்டி ஏறுவதற்கு அவர் தலையாட்ட வேண்டும். சாயந்தரம் போன் செய்தார்.

"மேடம், பாத்தேன். யாரோ ஊர் மெக்கானிக் டிரான்சிஸ்டரை மாத்தியிருக்காங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரியுங்க. மாத்தல."

"இல்ல மேடம், கிராமத்துப் பக்கம் இப்படி நிறைய நடக்கும். கிடைச்சதைப் போட்டு ஓட்டிடுவாங்க."

"அந்தப் பெட்டியைச் செஞ்ச வெளிநாட்டுக்காரரும் அதத்தான் பண்ணாரு. அவரு பண்ணா வெர்ஷன், நாங்க பண்ணா ஓட்டறதா?"

அவர் என் போட்டோவை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தார் போலிருக்கிறது. பிறகு, "சரி, பற்றுப் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்புங்க. நீங்க அனுப்பின போட்டோல ஒரே அழுக்கு, ஒண்ணும் தெரியல. தெளிவா இருந்தா ஒத்துக்கறேன்" என்றார்.

அழுக்கு என்றார் பாருங்கள். போனை வைத்தபோது எனக்குக் காது சுட்டது. ஊர் மெக்கானிக்காம்! என் கை துடைக்கத் துணி தேடியது.

போர்டின் அடிப்பக்கத்தில் பழுப்பாக, பொருக்குப் பொருக்காக ஏதோ படிந்திருந்தது உண்மைதான். ஐம்பது வருடப் பெட்டியில் தூசியும் புகையும் இல்லாமலா இருக்கும் என்று நினைத்தேன். ஸ்பிரிட்டில் பிரஷ்ஷை முக்கி, ஓசூரில் எப்படித் துடைப்போமோ அப்படித் துடைத்தேன். மூலை மூலையாக, கால் காலாக. செப்புக் கோடுகள் நேற்றுச் செய்ததுபோல மின்னின. பற்றுகள் ஒவ்வொன்றும் சாம்பல் பூத்து, யார் கையும் படாமல், கோயில் சிலை மாதிரி இருந்தன. பன்னிரண்டு போட்டோ எடுத்து அனுப்பினேன். துடைத்த பிறகு ஒரு தடவை வோல்டேஜ் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. ஜெயிக்கப் போகிறேன் என்ற அவசரம்.

மறுநாள் காலை பட்டியலில் என் வரி ஏறியிருந்தது. கை படாதது, ஆம். டிரான்சிஸ்டர் அசல், ஆம். கீழே அவரே எழுதியிருந்தார், நான் பார்த்ததிலேயே சுத்தமான போர்டு என்று. பால் வேன் ஓட்டுகிற என் வீட்டுக்காரர் காலை டிரிப் முடித்து வந்து நான் போனைக் கையில் வைத்துச் சிரிப்பதைப் பார்த்தார்.

"என்னா, பெங்களூர கவுத்துட்டியாட்ட இருக்குது?"

"கவுத்துட்டங்க. மண்ணைக் கவ்வ வெச்சாச்சு."

"அப்ப இன்னிக்கி எனக்கு வசவு கெடையாதா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

அன்று பத்து மணிக்கு அண்ணன் வந்தார், கிட்டாரையும் கொண்டு வந்திருந்தார். நான் பட்டியலைக் காட்டி, அவர் பெட்டி எவ்வளவு பெரிய ஆள் என்று விளக்கினேன். அவர் தலையாட்டிக்கொண்டே மாட்டி, மடங்காத இரண்டு விரலையும் ஒதுக்கிவிட்டு, ஒரு சுரத்தைப் பிடித்தார்.

சத்தம் உடனே வந்தது. முள்ளு முள்ளாக, வெடுக்கென்று வந்து, நாலு நொடியில் அறுந்துபோனது. இன்னொரு தடவை பிடித்தார், குமிழைத் திருப்பினார், மறுபடி பிடித்தார். கடையில் இருக்கும் மற்றப் பெட்டிகள் கத்துவது போலவே கத்தியது.

"என்னம்மா பண்ணுன?"

சொல்வதற்கு ஆயிரம் பொய் இருந்தது. பேட்டரி என்று சொல்லலாம், பழைய டிரான்சிஸ்டர், ஆயுசு முடிந்தது என்று சொல்லலாம், அதை மறுக்க அவருக்குத் தெரியாது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல என் வாய்க்கு வரவில்லை.

"தொடச்சேங்கண்ணா."

"சுவிட்சு மட்டும்னு சொன்னன்ல?"

"சொன்னீங்க."

"அப்புறம் எதுக்குத் தொடச்ச?"

"ஒரு ஆள ஜெயிக்கறதுக்கு."

அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டு, "திருவிழாவுக்குப் பதினஞ்சு நாளு இருக்குது" என்று மட்டும் சொன்னார். பெட்டியை விட்டுவிட்டு வெளியே போய் நின்றார். லாரிகள் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

நான் மீட்டரை வைத்தேன். மூன்றாவது டிரான்சிஸ்டர், நாலு வோல்ட். புத்தகத்தில் இருப்பது போல. அட பாவி, வித்தியாசம் பாகத்தில் இல்லை, அழுக்கில் இருந்திருக்கிறது! கலெக்டர் காலுக்கும் பேஸ் என்கிற இன்னொரு காலுக்கும் நடுவில் 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கிறது. அந்த இரண்டு காலையும் அடியில் அந்தப் பொருக்கு மூடியிருந்தது. அது வழியாகவும் கொஞ்சம் மின்சாரம் கசிந்திருக்கிறது. யாரும் பற்றவைக்காத ஒரு ரெசிஸ்டர் அங்கே இருந்திருக்கிறது. நான் அதைத் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டேன்.

குப்பைக் கூடையைக் கவிழ்த்து அந்தத் துணியை எடுத்தேன். மஞ்சளும் சிவப்புமாகக் கறை. மூக்கில் வைத்தேன். ஸ்பிரிட் வாடைக்கு அடியில் சந்தனம்.

வெளியே ஓடினேன். "அண்ணா, இந்தப் பெட்டிக்கு ஆயுத பூஜை போடுவீங்களா?"

"போடாம? எல்லா வாத்தியத்தையும் வெச்சித்தான் போடுவம்."

"பொட்டு மேலதான வெப்பீங்க?"

அவர் என்னை மடச்சியைப் பார்ப்பது போலப் பார்த்தார். "கொடுவாளுக்கு ஒறையோடவா பொட்டு வெக்கறம்? உருவித்தான வெக்கறம். மூடி மேல பூசுனா மூடிக்குத்தான் பூச. இதத் தெறந்து வயித்துலதான் பூசுவன், சந்தனம் குங்குமம் ரெண்டும். வருசா வருசம்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முப்பது வருடப் பூசை. ஒவ்வொரு வருடமும் ஒரு பூச்சு. மழை நாளில் ஈரம் இழுத்து, வெயில் நாளில் காய்ந்து, அந்தப் பொருக்கு ஒரு ரெசிஸ்டராகவே ஆகியிருக்கிறது. "மழ வந்தா இது நல்லாப் பாடும்மா" என்று அவரே சொன்னார். நான் அதுவரை கேட்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் என் புத்திப்படி செய்தேன். அடியில் 390 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே வைத்தேன். வோல்டேஜ் இரண்டேகாலுக்கு வந்துவிட்டது. அண்ணனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். சுரம் நின்றது. முள் போயிருந்தது. அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நிக்குது. ஆனா செத்தவன் நிக்கற மாதிரி நிக்குது."

"வோல்டேஜ் அதேதாங்கண்ணா!"

"வோல்டேஜ நீ வெச்சுக்கோ."

கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னது எனக்கும் கேட்டது. ரெசிஸ்டர் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். அந்தப் பொருக்கு அப்படி இல்லை. பெட்டி சூடானால் மாறும், காற்று ஈரமானால் மாறும், சுரத்துக்குச் சுரம் கொஞ்சம் ஆடும். அந்த ஆட்டம்தான் அவர் சத்தம். ரெசிஸ்டரைப் பிடுங்கிப் போட்டேன்.

மறுநாள் சந்தனக் கட்டையை வாங்கி வந்து இழைத்து, குங்குமத்தைக் குழைத்துப் பூசினேன். காய்ந்தபின் மாட்டிப் பார்த்தால் அதே நாலு வோல்ட். கசிவே இல்லை. கெட்டியாகப் பூசினேன், இன்னும் குங்குமம் சேர்த்தேன். மூன்று நாள் இதே கதை. மேஜை பூரா பூசைத் தட்டு மாதிரி இருந்தது. இன்வெர்ட்டர் கொண்டுவந்த ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

இந்த நேரத்தில்தான் பெங்களூர்க்காரர் மறுபடி போன் செய்தார். வோல்டேஜ் பற்றிய என் பழைய அளவு தவறா என்று கேட்டார். நான் எதையும் மறைக்கவில்லை. பூசையையும் சொன்னேன், துடைத்ததையும் சொன்னேன், திரும்பப் பூசிக்கொண்டிருப்பதையும் சொன்னேன்.

"ஐயோ மேடம், வேண்டாம். இப்ப அது அசல் நிலைமைக்கு வந்திருக்கு. இவ்வளவு சுத்தமான போர்டு எங்கேயும் இல்ல. மறுபடி குப்பையைப் பூசினா அரிச்சுடும்."

"அரிக்கறது மெதுவாத்தாங்க அரிக்கும். முப்பது வருசம் அரிக்கலையே."

"இதைக் குழுவில சொல்லாதீங்க. உங்க பேருதான் கெடும். போட்டோ இருக்கு, பட்டியல்ல ஏறிடுச்சு, அப்படியே விட்டுடுங்க."

"என் பேரு கெட்டுப் போவட்டுங்க. நான் தொடச்சது தப்பு, அத எழுதுவன். இப்பப் பூசறது சரி, அதயும் எழுதுவன். ஒங்க கட்டத்துக்காக அந்த மனுசன் வாசிக்காம இருக்கணுமா?"

"அப்போ கை பட்டதுன்னு மாத்த வேண்டியிருக்கும்."

"மாத்துங்க. கை பட்டதுதான். வருசா வருசம் ஆயுத பூஜைக்குக் கை பட்டது. போடுங்க அப்படியே."

போனை வைத்துவிட்டு, அடுத்த நிமிடமே குழுவில் எல்லாவற்றையும் எழுதினேன். சிரித்தார்கள். ஒருவன் சாமியார் படம் போட்டான். போட்டுக்கொள்ளட்டும். எனக்குத் துடைக்கத் தோன்றவில்லை, அதைக் கவனித்தேன்.

திருவிழாவுக்கு ஐந்து நாள் இருக்கையில் பூசின பெட்டியோடு பஸ் ஏறி அவர் வீட்டுக்கே போனேன். எங்கே தவறுகிறது என்று அவர் பூசுவதைப் பார்த்தால்தான் தெரியும் என்று தோன்றியது. அவர் வீட்டுக்கார அக்கா தண்ணீர் கொடுத்தார். ஒரு வாய் குடித்ததும் முகம் கோணிவிட்டது.

"ஐய, அது போர்த் தண்ணி! உப்பு! குடிக்கறதுக்குக் குழாத் தண்ணி புடிச்சு வெச்சிருக்கன், இரு" என்று அக்கா சொம்பைப் பிடுங்கினார்.

"அக்கா, சந்தனம் எழைக்கறது எந்தத் தண்ணில?"

"எல்லாத்துக்கும் இதான். இதுல டீ வெச்சா திரிஞ்சு போவுது, பருப்பு வேவறதில்ல. சாமிக்குத்தான ஆவும், அது பேசாதே."

நான் சொம்பைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டேன். கடையில் நான் இழைத்தது குழாயில் வருகிற, உப்பில்லாத ஒகேனக்கல் குடிதண்ணீரில். அதில் என்ன கசியும்? எங்கள் மாவட்டத்தில் போர்த் தண்ணீரை வாயில் வைக்க முடியாது என்று திட்டாத நாளில்லை. பாத்திரத்தில் வெள்ளை படியும், குழாயை அடைக்கும். இந்த உப்பு இல்லாமல் அந்தச் சத்தம் இல்லை.

பழைய பூச்சை வழித்துவிட்டு அண்ணனே இழைத்தார். கட்டையைக் கல்லில் தேய்க்க அவருடைய மடங்காத விரல்கள் தடையாக இல்லை. போர்டின் அடியில் எந்த இடம் என்று நான் காட்டினேன், விரல் நுனியால் வைத்தார், மேலே குங்குமம். "சாமி கும்புடலாமா?" என்றார். "கும்புட்டுட்டே மீட்டரப் பாக்கறன்" என்றேன். வாசலில் வெயிலில் வைத்துக் காயவிட்டோம். முதலில் மிகக் குறைவாகக் காட்டியது, காயக் காய ஏறியது, முந்நூறு, முந்நூற்றைம்பது, நானூறு கிலோ ஓமுக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றது. மாட்டி வோல்டேஜ் பார்த்தேன், இரண்டேகாலுக்கு ஒரு நூல் மேலே. அக்கா எட்டிப் பார்த்து, "இந்தத் தண்ணி ஒரு வேலைக்காச்சும் ஆச்சே" என்றார்.

திருவிழா அன்று சாயந்தரம் கச்சேரி. நான் ஜெனரேட்டர் பக்கத்தில், மேடைக்கு ஓரமாக நின்றேன். லேசாகத் தூறல் போட்டது. கீபோர்டு முதல் பாட்டு முழுக்க எல்லாச் சத்தத்தையும் தானே வாசித்தது. இரண்டாவது பாட்டின் நடுவில் அண்ணன் பெட்டியை மிதித்தார். ஒரே சுரம். அமுங்கி வந்தது, மெல்ல எழுந்தது, நின்றது. மடங்காத இரண்டு விரலும் வானத்தைப் பார்த்து நிற்க, அவர் அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தார். கீபோர்டுக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கீழே பெண்கள் கூட்டத்தில் ஒரு விசில் கிளம்பியது, அக்காவாகத்தான் இருக்க வேண்டும். குழுவை நடத்துகிறவர் மைக்கில் அண்ணன் பெயரைச் சொல்லி, அடுத்த பாட்டிலும் கிட்டார் உண்டு என்றார்.

கச்சேரி முடிந்ததும் போய் நின்றேன். அவர் நெற்றியில் வேர்வையும் தூறலும். "அதே சத்தம்தானுங்கண்ணா?" என்று கேட்டேன். ஆம் என்ற ஒரு வார்த்தைக்காக நான் பத்து நாள் அலைந்திருக்கிறேன்.

அவர் யோசித்தார். பொய் சொல்ல அவருக்கும் வரவில்லை.

"அது இல்லம்மா. அது போயிடுச்சு. அதுல எங்கப்பா வெச்ச பொட்டும் இருந்துச்சு."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டே, "இதுல நீ காட்டுன எடத்துல நான் வெச்சது இருக்குது. இதுக்கும் முப்பது வருசம் ஆவட்டும், அப்புறம் கேளு" என்றார்.

போன ஆயுத பூஜைக்கு இரண்டாவது பூச்சு ஏறியது. பட்டியலில் என் வரி "கை பட்டது" என்ற கட்டத்தில் கிடக்கிறது, நான் எடுக்கச் சொல்லவில்லை. என் நோட்டில் அந்தச் சர்க்யூட்டை வரைந்திருக்கிறேன். மூன்றாவது டிரான்சிஸ்டரின் இரண்டு காலுக்கு நடுவில் ஒரு ரெசிஸ்டர் அதிகமாக இருக்கும். அதன் பக்கத்தில், சந்தனம், குங்குமம், போர்த் தண்ணீர் என்று எழுதி, மதிப்பு என்ற இடத்தில் "வருடா வருடம் அளக்கவும்" என்று போட்டிருக்கிறேன். அதற்கும் கீழே, பெரிய எழுத்தில், துடைக்காதே.